ஐந்து பொய் ஒன்றுகள்

“அது ஒண்ணு இல்ல. நல்லாப் பாரு.”

“அண்ணே, எட்டு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு எனக்கே பாடமா?”

“நீ கிழிச்ச டிக்கெட்ல இருந்தது ஒண்ணு. இது எல். இங்கிலீஷ் சின்ன எல்.”

மருது பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மேசைமேல் குனிந்தான். கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி கண்ணாடிக்குள் ஊதிப் பெருத்து நின்றது. 11-11-1986. ஐந்து ஒன்றுகள். ஐந்துக்கும் காலடியில், வலப்பக்கமாக, பூனைக்குட்டியின் வால்போல ஒரு சின்னச் சுருள்.

“வால் இருக்குண்ணே.”

“ஒண்ணுக்கு வால் கிடையாது. இப்ப அந்தப் பிள்ளையோட நோட்டைப் பாரு.”

ஞானமுத்து ஒரு கட்டம் போட்ட நோட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தெட்டு வருடத்தை ஒரு மிஷன் அச்சகத்தில் பிழை திருத்தியே கழித்தவர். தலைகீழாக நிற்கும் ஓர் எழுத்து பக்கத்தின் எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அச்சகத்தை விட்டு வந்ததும் தல்லாகுளத்தில் சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பலகையில் ஒரு புள்ளி குறைந்ததால் பெயின்டரை மூன்று முறை ஏணியில் ஏற்றினார் என்பது கீழ்க்கடைக்காரர் சொல்லும் கதை.

மருது அவருக்கு உதவியாள். செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் வாய் கொடுத்து கண்டக்டர் வேலையைத் தொலைத்தவன். பஸ் ஷெட்டில் படுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கதைகளின் தமிழ்ப் பதிப்புகளைப் படித்தே வளர்ந்ததால், துப்பறிவது என்றால் பனிமூட்டமும் குதிரை வண்டியும் என்றுதான் நினைத்திருந்தான். கிடைத்தது தூறலும், உதைத்தால் மட்டும் கிளம்பும் ஒரு பழைய ஸ்கூட்டரும்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஓர் எழுத்து, கட்டங்களுக்குள் புள்ளி புள்ளியாக வரையப்பட்டிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள். ஒன்றுக்குத் தலையில் ஒரு மூக்கு, அடியில் ஒரு பலகை. சின்ன எல்லுக்கு வலப்பக்கம் வால். பூஜ்யத்தின் வயிற்றில் குறுக்குக்கோடு. ஓ என்ற எழுத்துக்குக் கோடு இல்லை, வெறும் வட்டம். எல்லாவற்றுக்கும் கட்டத்தின் அகலம் மட்டும் ஒன்றே.

அச்சகத்தில் அப்படி இல்லை என்றார் ஞானமுத்து. அங்கே ஒல்லி எழுத்துக்கு ஒல்லி ஈயம், தடித்த எழுத்துக்குத் தடித்த ஈயம். கம்ப்யூட்டருக்கு எழுதுகிறவர்களுக்கு அது ஆகாது. ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி, எழுத்துக்கு நேர் எழுத்தாக விழ வேண்டும். அப்போதுதான் ஒரு எழுத்து மாறினாலும் கண்ணில் குத்தும். அந்த இயந்திரத்துக்கு ஓவும் பூஜ்யமும் வேறு வேறு. பார்க்கிற மனுஷனுக்குத்தான் ரெண்டும் ஒன்றாகத் தெரியும்.

“அப்ப பஸ் சீட்டு மாதிரின்னு சொல்லுங்க. ஒல்லியும் குண்டும் ஒரே இடத்துலதான் உக்காரணும். குண்டுக்கு மூச்சு முட்டும், ஒல்லிக்குக் காத்து வரும்.”

ஞானமுத்து சிரிக்கவில்லை. “ஆறு மாசம் மெனக்கெட்டு இந்த எல்லையும் ஒண்ணையும் பிரிச்சு வச்சவ ஒச்சாயி. அவளே ஒண்ணு அடிக்க வேண்டிய இடத்துல அஞ்சு தடவை எல் அடிப்பாளா?”

மருதுவின் கையில் இருந்த கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

ஒச்சாயிக்கு இருபத்துமூன்று வயது. உசிலம்பட்டிப் பக்கத்தில் காடு கழனி பார்க்கும் சம்சாரி நல்லகாமனின் ஒரே மகள். தல்லாகுளத்தில் முத்துக்கருப்பன் நடத்தும் கணிப்பொறி நிலையத்தில் புரோகிராம் எழுதும் வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனவள், ஹாஸ்டலுக்கும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. புதன்கிழமை முத்துக்கருப்பனே நேரில் வந்து இவர்களை அமர்த்தினார். வியாழக்கிழமை நிலையத்துக்குத் தபாலில் இந்தக் கடிதம் வந்தது. அங்கிருக்கும் பிரின்டரிலேயே, அதற்கென்று ஒச்சாயி வரைந்த அதே எழுத்துகளில் அச்சானது. என்னைத் தேட வேண்டாம், நானாகத்தான் போகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. பெண் மேஜர், தானாகப் போயிருக்கிறது, இன்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஃபைலை மூடுகிறேன் என்று சொல்லிவிட்டார். முத்துக்கருப்பன்தான் மசியவில்லை. போலீஸ் விட்டாலும் நான் விட மாட்டேன், எம்புட்டு நாள் ஆனாலும் தேடுங்கள் என்று ஞானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“கடுதாசி அவ எழுதலைன்னா, அவ எங்கண்ணே?”

ஞானமுத்து நோட்டை மூடினார். சுவரில் மணி இரண்டு.

“வண்டிய எடு.”

கணிப்பொறி நிலையத்து வாசலில் செருப்பு அலமாரி இருந்தது. தூசி பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று உள்ளே போகிற எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி குரலும் தானாகத் தணிந்துவிடும். முத்துக்கருப்பன் ஒருவருக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. அவருடைய பளபளத்த பழுப்பு ஷூ எந்த அறைக்குள்ளும் போகும்.

அலமாரிக்குப் பக்கத்து பெஞ்சில் நல்லகாமன் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை காலையில் உட்கார்ந்தவர். யாரோ வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப் போய்ப் பக்கத்தில் இருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

“தம்பி, அந்தக் கடுதாசிய ஐயா வாசிச்சுக் காட்டுனாக. எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது. எம்மக எழுதுனதுதேனா அது?”

மருது ஞானமுத்துவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று மென்று விழுங்கிவிட்டு மருதுவும் பின்னால் போனான்.

முத்துக்கருப்பன் மேசையில் பழத்தட்டு இருந்தது. வந்தவர்களுக்கு முதலில் கொய்யா நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். குரல் எப்போதும் காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரல். ஞானமுத்து தன் கண்டுபிடிப்பைப் பெருமையாகவே எடுத்து வைத்தார். ஐந்து ஒன்றுகளும் பொய் என்பது, ஒச்சாயி அதை அடித்திருக்க முடியாது என்பது. ஒன்றுக்குப் பதில் எல் அடிக்கிறவன் யார்? பழைய டைப்ரைட்டரில் கை பழகியவன். அந்தத் தலைமுறைக்கு அது கூடவே பிறந்த பழக்கம் என்று அச்சகத்துக்கு வந்த ஆயிரம் டைப் பிரதிகளைப் பார்த்தவராகச் சொன்னார்.

முத்துக்கருப்பனின் விரல்களுக்கிடையில் சுற்றிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஒரு நொடிதான். மருது அதைப் பார்த்தான். பாவம், பிள்ளை மாதிரி நினைத்தவர், பதறுகிறார் என்று எடுத்துக்கொண்டான்.

“அப்படின்னா ஜேசுராஜ்,” என்றார் முத்துக்கருப்பன் மெதுவாக. “எங்க ஆப்பீஸ்ல டைப்ரைட்டிங் கத்துக்கிட்டு வந்த ஆளு அவர் ஒருத்தர்தான். நேத்துல இருந்து லீவு. வீட்டுலயும் இல்ல, ஆள் விட்டுப் பாத்துட்டேன். கண்டுபிடிச்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க. போலீசுக்கு அப்புறம் போகலாம்.”

வெளியே வரும்போது வரிசையாக இருந்த கம்ப்யூட்டர் திரைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து தண்ணீர்ப் பானையடிக்கு வந்தாள். தங்கப்பொண்ணு என்று பெயர், எண்களை ஏற்றும் வேலை. டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டே பேசினாள். மருதுவுக்கு அவள் தண்ணீரோடு பேசுகிறாளோ என்று தோன்றியது.

அவள் சொன்னது இது. ஓர் ஆலையில் வேலைக்குப் பரீட்சை நடந்திருந்தது. நாலாயிரம் பேரின் மார்க்கை இங்கேதான் ஏற்றினார்கள். நாளைக்கு ஆலை அதிகாரிகள் வந்து தேர்வுப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார்கள். திங்கட்கிழமை ஒச்சாயி தன் புது எழுத்துகளைப் பார்க்கலாம் என்று அந்தப் பட்டியலை எடுத்து அச்சடித்தாள். அடித்துவிட்டு, தங்கம், இந்த நாற்பது பேர் நம்பரில் மட்டும் பூஜ்யத்துக்குக் கோடு விழவில்லை பார் என்றாள். 10407 என்று ஒரு நம்பர். அதில் இரண்டு இடத்திலும் இருப்பது பூஜ்யம் இல்லை, ஓ. மற்ற நம்பர்களும் ஒன்றில் தொடங்குகிறவைதான், எல்லாவற்றிலும் அப்படியே. இயந்திரத்துக்கு அது வேறு ஆள். மார்க் போய் ஒட்டாது. அந்த நாற்பது பேருக்கு எதிரே பரீட்சைக்கு வரவில்லை என்று விழுந்திருந்தது. பழைய எழுத்தில் அடித்த பட்டியலில் எத்தனை பேர் சரி பார்த்தாலும் தெரிந்திருக்காது.

“ஐயாகிட்ட சொன்னுச்சு. ஐயா எங்க எல்லாரையும் கூப்பிட்டு, இது ஜேசுராஜ் அண்ணன் கைப்பழக்கம், டைப்ரைட்டர்ல பூஜ்யம் கிடையாது, ஓதான் அடிப்பாங்க, திருத்தியாச்சுன்னு சொன்னாங்க.” அவள் டம்ளரைக் கவிழ்த்தாள். “ஜேசுராஜ் அண்ணன் சாயங்காலத்துல சிம்மக்கல்லுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறாரு. வெங்காய மண்டி மாடியில. ஆப்பீசுக்குத் தெரியாது, தெரிஞ்சா வேலை போயிரும். நான் சொன்னதாச் சொல்லிராதீங்க.”

மருதுவின் மனசுக்குள் கதை தானாக முடிந்தது. ஜேசுராஜ் தப்பு செய்தான். ஒச்சாயி கண்டுபிடித்தாள். அவளை ஏதோ செய்துவிட்டு, கடிதத்தை அடித்துப் போட்டான். ஏதோ என்ற சொல்லுக்குள் எட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

செருப்பு மாட்டும்போது நல்லகாமன் மறுபடி எழுந்து நின்றார். கேட்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். மருதுவால் அதைத் தாங்க முடியவில்லை. குனிந்து அவர் காதோடு சொன்னான்.

“சிம்மக்கல்லுக்குப் போறோம்யா. வெங்காய மண்டி மாடியில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஒரு தகவல் இருக்கு. திரும்பி வாரேன், வந்து முதல்ல ஒங்ககிட்டதான் சொல்லுவேன்.”

சிம்மக்கல்லில் தூறலோடு வெங்காயச் சருகும் சேர்ந்து தரையெல்லாம் வழுக்கியது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மண்டியின் பக்கவாட்டு மரப்படியில் ஏறினார்கள். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகியது. மருது பாக்கெட்டிலிருந்த பேனாக்கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பென்சில் சீவுகிற கத்திதான். இருந்தாலும் கத்தி.

மாடி நீளமான கூடம். பதினெட்டு டைப்ரைட்டர்கள் மூன்று வரிசையில், பத்தாம் வகுப்பு மாணவர்கள்போல முகம் நிமிர்த்தி உட்கார்ந்திருந்தன. மூன்று மணி வகுப்பு முடிந்து, ஐந்து மணி வகுப்பு வராத இடைவேளை. கடைசியில் ஒரு சாத்திய கதவு. மேசையடியில் ஒரு கான்வாஸ் பை, ஜிப் போட்டுத் தயாராக.

ஜேசுராஜ் நாற்பத்தைந்து வயது மனிதர். சட்டைப்பையில் நாலு பேனா, முகத்தில் நாலு நாள் தாடி. அட்மிஷனா என்று கேட்டார். கேட்ட குரலில் தண்ணீர் இல்லை.

ஞானமுத்து முன்வரிசையில் ஒரு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். தாள் ஒன்றைச் சொருகினார். “சேர்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கலாமில்ல. இன்னைக்குத் தேதி அடிக்கிறேன். பதினாலு, பதினொண்ணு, எண்பத்தாறு.” அவருடைய ஆள்காட்டி விரல் எண் வரிசையின் மேல் இடம் வலமாகத் தேடிக்கொண்டு போனது. இரண்டில் தொடங்கி, மூன்று, நாலு என்று கடைசி வரை போய், திரும்பவும் இரண்டுக்கு வந்து அந்தரத்தில் நின்றது.

“சின்ன எல் அடிங்க சார்,” என்றார் ஜேசுராஜ். இருபது வருடமாக முதல் நாள் வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்ன வார்த்தை, கேட்காமலே வந்துவிட்டது. “இந்த மெஷின்ல ஒண்ணுக்குத் தனியா...”

அத்தோடு நிறுத்தினார். கீழே யாரோ மூட்டைக்கு நம்பர் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

மருது வாசல் கதவுப் பக்கம் நகர்ந்து வழியை மறித்தான். “ஆப்பீஸ்லயும் அப்படித்தானா வாத்தியாரே? அங்கதான் ஒண்ணு இருக்கே.”

அங்கே எண் ஏற்றும்போது வலப்பக்கத்துத் தனிப்பலகையில்தான் அடிப்பார், தப்பு வராது. கடிதம் என்று உட்கார்ந்தால் விரல் பழைய வழியில் போய்விடும். ஜேசுராஜ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பியது. ஞானமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதி வழியில் நின்றது.

அவர் ஜேசுராஜைப் பார்க்கவே இல்லை. டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் வரிசையின் கடைசியில், ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்த சாவியை ஒருமுறை தட்டினார். டக் என்று விழுந்தது. மறுபடி தட்டினார்.

“மருது. இதுல பூஜ்யம் இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்ணே. நல்ல விஷயம்தானே.”

“ஒண்ணு இல்ல. பூஜ்யம் இருக்கு.” அவர் எழுந்து அடுத்த இயந்திரத்துக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி வரிசை முழுக்க ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசிச் சாவியைத் தட்டிக்கொண்டே போனார். “பதினெட்டுலயும் இருக்கு. இதுல கை பழகுனவனுக்கு ஒண்ணு தப்பும். பூஜ்யம் எப்படித் தப்பும்? அந்த நாப்பது நம்பரும் ஒண்ணுலதானே ஆரம்பிக்குது? 10407. ஒண்ணு சரியா விழுந்திருக்கு. பூஜ்யம் மட்டும் தப்பு.”

மருதுவுக்கு மெதுவாக, குளிர்காலத்து எஞ்சின் மாதிரி, மூன்று நாலு உதைக்குப் பிறகு பிடித்தது. நாற்பது நம்பரை மாற்றியது டைப்பிஸ்ட் இல்லை. டைப்பிஸ்டுகளுக்கு ஏதோ எழுத்துக்குழப்பம் உண்டு என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவன். ஒரு நாளும் டைப்ரைட்டர் முன்னால் உட்காராதவன். எந்தக் குழப்பம் என்று சரியாகத் தெரியாமல், ஒரு டைப்பிஸ்டின் தலையில் பழியைப் போட்டவன்.

டைப்ரைட்டரில் பூஜ்யம் கிடையாது என்று சொன்னது யார்?

ஐயா சொன்னாங்க என்று தங்கப்பொண்ணு தண்ணீர் டம்ளருக்குள் சொல்லியிருந்தாள்.

போலீஸ் விட்டாலும் நான் விட மாட்டேன். அந்த வார்த்தை மருதுவின் காதுக்குள் திரும்ப ஒலித்தது. அதே குரல்தான், அதே கனிவுதான். ஆனால் இப்போது அதற்கு அர்த்தம் வேறாக இருந்தது.

“நம்ம அவரு கூப்பிட்டு வச்ச மோப்ப நாயாண்ணே?”

“அப்ப அந்தக் கடுதாசி அவள ஒளிச்சு வைக்கத்தான்,” என்று ஞானமுத்து பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். கடைசியில் சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “வெளிய வா தாயி. நாங்க ஒன் நோட்டைத் திருப்பிக் குடுக்க வந்தவங்க.”

கதவு ஒரு சாண் திறந்தது. பிறகு முழுதாக. ஸ்டென்சில் மை வாசனையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நோட்டைத்தான் முதலில் பார்த்தாள், மனிதர்களை அப்புறம். மடிப்பு மடிப்பாக, இரண்டு ஓரமும் துளை போட்ட ஒரு தாள்கட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்திருந்தாள்.

ஒச்சாயி சுருக்கமாகச் சொன்னாள். திங்கட்கிழமை முத்துக்கருப்பனிடம் வெள்ளந்தியாகப் போய்ச் சொன்னபோது, சபாஷ் என்று பாராட்டி, அந்தத் தாளை நாளைக்குக் கொண்டு வா என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால் அவள் மேசை டிராயர் உடைந்திருந்தது. தாள் அங்கே இல்லாதது, அவள் அதை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போயிருந்ததால். அவளுடைய எழுத்துகள் இருந்த டிஸ்கெட்டும் புதன்கிழமை காணாமல் போய்விட்டது. நாற்பது இடத்துக்கும் முத்துக்கருப்பன் வேறு நாற்பது பேரைக் காசுக்குப் பேசி முடித்துவிட்டார். உலகத்தில் ஓவையும் பூஜ்யத்தையும் பிரித்துக் காட்டுகிற பட்டியல் இனி இது ஒன்றுதான். போலீசிடம் போனால் அவரைத்தான் முதலில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர் பழைய எழுத்தில் ஒரு பட்டியலை அடித்து நீட்டுவார். ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாளைக் காலை பத்து மணிக்கு ஆலை அதிகாரிகள் ஒத்தக்கடை விருந்தினர் விடுதிக்கு வருகிறார்கள். அதுவரை இவள் பிழைத்துக் கிடக்க வேண்டும். அதற்காகத்தான் ஜேசுராஜ் அந்தக் கடிதத்தை அடித்தார். ஓடிப்போனவளை யாரும் தேட மாட்டார்கள் என்று நம்பினார்.

“அஞ்சு எல் அடிச்சிருக்கீங்க அண்ணே,” என்றாள் ஒச்சாயி ஜேசுராஜைப் பார்த்து, கோபமில்லாமல். “ஆறு மாசமா அத உங்ககிட்டதானே காட்டிக்கிட்டே இருந்தேன்.”

ஜேசுராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு அவள் மருதுவின் பக்கம் திரும்பினாள். “எங்கப்பா அங்கதான் இருக்காராமே. சாப்பிட்டாரா?”

அப்பாவிடம் சொல்லாதது வேண்டுமென்றே என்றாள். அவர் முத்துக்கருப்பன் கண்ணுக்கெதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே டீயைக் குடித்துவிடுவார். முத்துக்கருப்பனுக்கு அது போதும்.

ஆடை கட்டிய டீ மருதுவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே, குனிந்து ஒரு காதில் தான் சொன்ன வார்த்தைகளும் வந்தன. வெங்காய மண்டி மாடி. மூன்று நாளாகக் கொய்யா நறுக்கிக் கொடுத்த மனிதரிடம் நல்லகாமன் எதை ஒளிப்பார்?

“அண்ணே,” என்றான். “நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

கீழே மூட்டைக்காரர்களை விலகச் சொல்லி ஒரு கார் ஹாரன் அடித்தது. மருது சன்னல் கம்பிக்குள் முகத்தைப் பதித்தான். ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர். பழுப்பு ஷூ ஒன்று வெங்காயச் சருகில் இறங்கியது. அந்த ஷூக்காரர் காரைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் தானே திறந்து, உள்ளேயிருந்த கிழவருக்குக் கை கொடுத்தார். பார்க்கிறவன் எவனும் கும்பிடுவான்.

வேறு வழி இல்லை, படி ஒன்றுதான். ஞானமுத்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை டைப்ரைட்டர்களில் வந்து நின்றது.

“எத்தனை தாள் அது?”

“பதினேழு.”

“மெஷின் பதினெட்டு. மருது, கிழி.”

துளை போட்ட ஓரங்களை மருது உரித்தான். எட்டு வருடம் டிக்கெட் கிழித்த கை முதல்முறையாகப் பயன்பட்டது. ஒச்சாயி மடிப்புகளைப் பிரித்தாள். ஜேசுராஜ் ஒவ்வொரு தாளாக ஒவ்வொரு இயந்திரத்தில் சொருகி உருளையைத் திருகினார். நம்பருக்குக் கீழே நம்பர், எழுத்துக்கு நேர் எழுத்து, ஒரு நூல் பிசகாமல் பத்தி பத்தியாக. எழுந்து போன மாணவர்கள் பாதியில் விட்ட பயிற்சித் தாள் என்றுதான் எவனும் நினைப்பான். பதினெட்டாவதில் ஞானமுத்து அடித்த இரண்டு பூஜ்யங்கள் மட்டும் இருந்தன.

படி முனகத் தொடங்கியது. முதலில் ஒரு கனத்த முனகல், பின்னால் தயங்கித் தயங்கி ஒன்று. மருது வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். உரித்த ஓரங்களைக் கான்வாஸ் பைக்குள் திணித்தான். ஒச்சாயியை உள்ளறைக்குள் போகச் சொல்லி ஞானமுத்து சைகை காட்டினார். அவள் நாலடி போனாள்.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதில் வெளிச்சம் மறைந்தது. ஒரு ஜோடி பழுப்பு ஷூ வந்து நின்றது. பக்கத்தில், ஈரச் சருகு ஒட்டிய ஒரு ஜோடி டயர் செருப்பு.

ஷூக்காரர் தட்டவில்லை. தாழ்ந்த குரலில் யாரிடமோ, காய்ச்சல்காரனிடம் பேசுகிற அந்தக் குரலில், நீங்களே கூப்பிடுங்கள், நீங்கள் கூப்பிட்டால்தான் வருவாள் என்றார்.

ஒச்சாயி நின்றுவிட்டாள். கை அவள் வாயை மூடியிருந்தது. மருதுவின் விரல்கள் தாழ்ப்பாள் மேலேயே இருந்தன.

டயர் செருப்பு அரையடி முன்னால் வந்தது. பலகையில் ஓர் உள்ளங்கை மெல்லப் பதிகிற சத்தம்.

“ஏத்தா ஒச்சாயி. அப்பாதேன் வந்திருக்கேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். கதவ மட்டும் தெறத்தா.”